உள்ளே கைப்பிடி இல்லாத கார்

கல்யாணமாகி செல்லூர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்கே என்னைக் காரைக் கும்பிடச் சொன்னார்கள். கழுத்தில் மாலையோடு நின்றிருந்தேன். மாமனார் முன்கூடத்தின் விளக்கைப் போட்டார். கருநீல நிறத்தில், ஒரு சின்ன வீட்டைத் தூக்கிச் சக்கரங்களின் மேல் வைத்தது போல அந்தப் பிரெஞ்சுக் கார் நின்றது. டிரைவர் உட்காரும் முன்பக்கத்துக்குக் கூரை கிடையாது. பின்பக்கம் மட்டும் கண்ணாடியும் மரமும் வைத்து நாலாபுறமும் அடைத்த ஓர் அறை. நான் தொட்டுக் கும்பிடலாம் என்று கையை நீட்டினேன். மாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெரல் படக் கூடாதுத்தா. தள்ளி நின்னு கும்பிடு."

தள்ளி நிற்க இடமில்லை. கூடம் முழுக்க அந்தக் கார்தான் இருந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கும்பிட்டேன்.

மாமனாரின் அப்பா சோழவந்தான் பக்கம் விவசாயம் பார்த்தவர். ஒரு ஜமீன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் கட்டிலும் அண்டாவும் எடுக்க, அவர் காரை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு நூல் வியாபாரத்துக்காக செல்லூர் வந்தபோது கூடவே ஓட்டிக்கொண்டு வந்து, நூல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியாக இருந்த இந்த முன்கூடத்தில் நிறுத்தினார்.

பிரான்சில் ஒரு கம்பெனி எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் செய்து கொடுத்ததாம். மேலே இருக்கும் உடம்பை பாரிஸில் வேறொரு பட்டறையில், ஜமீன்தார் வரைந்து அனுப்பிய மாதிரிப்படி கட்டினார்களாம். கண்ணாடிகளில் தாமரைக்கொடி செதுக்கியிருந்தது. ரோஜா நிறப் பட்டு விரித்த இருக்கை. ஓரத்தில் பூ வைக்க ஒரு வெள்ளிக் குவளை. உள்ளே இருப்பவர்கள் டிரைவரிடம் பேச ஒரு குழாய். பட்டறைக்காரரின் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடு கூட, காரில் ஏறக் கால் வைக்கும் வாசற்படிப் பலகையில் இன்னும் இருக்கிறது. எதையும் மாற்றவில்லை. மாமனார் எஞ்சினை மட்டும் அவ்வப்போது கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். வீடெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கும். அவர் முகம் மலர்ந்துவிடும்.

கார் எங்கேயும் போகாது. போக முடியாது. அது வந்த காலத்தில் சந்து அகலமாக இருந்தது. பிறகு எதிர்வீட்டார் படி கட்டினார்கள், பக்கத்து வீட்டார் கழிவறையை வெளியே தள்ளிக் கட்டினார்கள், எல்லாவற்றுக்கும் மேலே சந்து திரும்பும் இடத்தில் ஒரு கரண்ட் கம்பத்தை நட்டார்கள். பைக் போகும், வண்டிக்கடை போகும். இந்த நீளத்துக்கு ஒரு கார் திரும்பாது. பிரித்து வெளியே கொண்டுபோகலாம் என்று ஒருமுறை என் கணவர் சொன்னார். மாமனார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கார் போக முடியாததால் மாமனார் போகமாட்டார். அவரை விட்டு மாமியார் வரமாட்டார். இருவரையும் விட்டுவிட்டு என் கணவர் வரமாட்டார். ஆக, காற்றோட்டமான கூடம் காருக்கும், பின்னாலிருந்த இரண்டு அறைகள் எங்களுக்கும் என்று எங்கள் குடித்தனம் நடந்தது. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். பஞ்சுத் தூசி காரில் படியக் கூடாது என்று ஜன்னல்களைத் திறக்க மாட்டார்கள். என் மகள் பரண் மேல் உட்கார்ந்து படித்து, கல்லூரி கிடைத்ததும் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்தாலும் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவாள். விளாங்குடியில் ஒரு வாடகை வீடு பார்க்கலாம், இரண்டு ஜன்னல் இருந்தால் போதும் என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாமியார்தான் பதில் சொல்வார்.

"வண்டிய யாரு பாக்குறது?"

அவருக்கு மாமனாரைவிடக் கார் மேல் பற்று அதிகம் என்றுதான் நான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். பட்டு இருக்கையைத் துடைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. என்னைக் கூட உள்ளே விடமாட்டார்.

வந்து பார்ப்பவர்களிடம் மாமனார் கடைசியாகக் காட்டும் விஷயம் ஒன்று உண்டு. பின்கதவைத் திறந்து உட்புறத்தைக் காட்டுவார். "கைப்பிடி எங்க, சொல்லுங்க?" வந்தவர்கள் தேடுவார்கள். உள்ளே கைப்பிடியே கிடையாது. வெளியே மட்டும்தான். "ஜமீன்தார் அப்படித்தான் செய்யச் சொன்னாரு. ராணியம்மா தானா எறங்கிரக் கூடாதுல்ல. ஆளு வந்து தொறக்கணும். கண்ணாடியும் எறங்காது, பதிச்சது. உலகத்துல இந்த மாதிரி இது ஒண்ணுதான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் காப்பித் தட்டோடு நின்று சிரித்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு சித்திரை மாதப் பகல். பழைய கார்களைப் பற்றிப் புத்தகம் போடும் ஒருவர் மறுநாள் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. முன்விளக்கின் பித்தளை வளையம் ஒன்று நெளிந்திருந்ததால் அதைச் சரிசெய்ய மாமனாரும் என் கணவரும் அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தார்கள். மாமியார் காருக்குள் ஏறி இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே விரிப்பு ஓரத்தில் ஒரு கரப்பான் செத்துக் கிடந்தது. குனிய அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை.

"ஏத்தா, இங்க வா. கைய நல்லாத் தொடச்சிட்டு ஏறு."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தக் காருக்குள் ஏறினேன். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை அண்டக் கொடுத்திருந்தார். ஏறும்போது என் சேலைக் கொசுவம் அந்தக் கட்டையில் மாட்டியது. இழுத்துவிட்டேன். கட்டை உருண்டது. தரை சரிவு. அந்தப் பெரிய கதவு மெதுவாக, தானாகவே வந்து மூடியது. பெட்டியை மூடுவது போல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். மாமியார்தான் முதலில் சிரித்தார். "சனியன்," என்றார். நானும் சிரித்தேன். இடப்பக்கக் கதவும் அதே மாதிரிதான்; போதாததற்கு அந்தப் பக்கம் கார் சுவரை ஒட்டி நின்றது. நான் தோளால் வலக்கதவை முட்டினேன். அசையவில்லை.

"முட்டாத, முட்டாத. கீல் போயிரும்," என்றார்.

கத்தினோம். சந்தில் ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் தெருக்கதவு சாத்தியிருந்தது, இருபுறமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் பக்கத்தில் நிற்பவரிடமே உரக்கத்தான் பேசுவோம். கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

என் போன் ஜன்னல் திட்டில் கிடந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒளிர்ந்து அதிர்ந்தது. என் கணவர்தான். அதிர்ந்து அதிர்ந்து திட்டின் ஓரம் வரை நகர்ந்து வந்து நின்றது. மறுபடி கூப்பிடவில்லை. அடுப்படியில் வேலையாக இருப்பேன் என்று நினைத்திருப்பார்.

டிரைவர் பக்கம் ஒரு சின்னத் தடுப்புக் கண்ணாடி உண்டு. அது மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்குத் தள்ளித் திறக்கும். அதன் வழியாகக் கையை விட்டேன். ரப்பர் உருண்டை வைத்த ஹாரன் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எட்டவில்லை. திரைச்சீலையின் பட்டுக் கயிற்றை அவிழ்த்துச் சுருக்குப் போட்டு வீசினேன். மாமியார் கயிறு போகிறதே என்று பதறினார். பலமுறை தவறி, கடைசியில் சுருக்கு உருண்டையில் விழுந்தது. இழுத்து இறுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தது. அதுவும் ஒரிஜினல்.

அதன்பிறகு சிரிப்பு வரவில்லை.

வெயில் ஏறியது. கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே கார்; காருக்குள் நாங்கள். அந்தக் கண்ணாடி அறையில் காற்று என்பதே இல்லை. அந்தத் தடுப்பின் இடுக்கில் முகத்தை வைத்து முறை போட்டு மூச்சு வாங்கினோம். எங்கள் பகுதியில் அந்தச் சித்திரையில் கரண்ட் போகாத நாளே கிடையாது. கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் எங்கள் குரல் கேட்கும். கரண்ட் போகட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் திட்டித் தீர்த்த அந்தக் கரண்ட், அன்று போகவே இல்லை.

"கண்ணாடிய உடைச்சிருவோம் அத்தை. கைய வெளிய விட்டாத் தொறந்திரலாம்."

"என்ன பேசுற நீ? அந்தக் கண்ணாடி திரும்பக் கெடைக்குமா? உங்க மாமா உசுர விட்ருவாரு."

"நமக்கு மூச்சு முட்டுதே."

"வந்துருவாங்க. பொறு."

பொறுத்தேன். எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருப்பது இதுதான். வெளியே போக ஒரு வழி எங்கள் முகத்துக்கு நேரே இருந்தது. அதில் தாமரைக்கொடி செதுக்கியிருந்தது என்பதற்காக நாங்கள் இருவரும் அதைத் தொடாமல் வியர்த்துக்கொண்டிருந்தோம். வியர்வை பட்டில் படக் கூடாது என்று மாமியார் முந்தானையை மடித்து எனக்கும் சேர்த்து இருக்கையில் விரித்திருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் அவர் பேசத் தொடங்கினார். பேசப் பேசக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"இதுக்குள்ள நான் மொதல்ல எப்பப் புழுங்கினேன் தெரியுமா? கல்யாணத்தன்னைக்கு. அப்ப இது ஓடுச்சு. திருப்பரங்குன்றத்துலருந்து இங்க வரைக்கும் என்னைய இதுல ஏத்தித்தான் கொண்டுவந்தாங்க. உங்க மாமா முன்னாடி உக்காந்துக்கிட்டாரு, ஓட்டுறதப் பாக்கணும்னு. நான் ஒத்தையா பின்னாடி. பாதி வழியில எனக்கு வாந்தி வந்துருச்சு. தட்டுறேன், கொழாயில கத்துறேன், அந்த எஞ்சின் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. பட்டுல எடுத்துறக் கூடாதேன்னு எம் மடியிலயே எடுத்தேன். கூரைச் சேலை. வந்து எறங்குறப்ப ஊரே நிக்குது."

"மாமா என்ன சொன்னாங்க?"

"சீட்டுல படலியேன்னு கேட்டாரு."

அன்றிலிருந்து அந்த இருக்கையை அவர் ஒருவரே துடைத்து வந்திருக்கிறார். அது பற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னவென்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கை நடுங்குவதைக் கவனித்தேன். சர்க்கரைக்காரர். காலையில் ஊசி போட்டுவிட்டு, துடைத்து முடித்துச் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்து, உடம்பு ஐஸ் மாதிரி ஜில்லிட்டிருந்தது. "தலை எங்கிட்டோ போகுதுத்தா," என்றார். நாக்கு குழறியது.

நான் வெள்ளிக் குவளையைப் பிடுங்கினேன். அந்த நிலையிலும் என் கையைப் பிடித்தார்.

"வேணாம்..."

"விடுங்க அத்தை."

"மாமா..."

"விடுங்கன்னா!"

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. பிடி தளர்ந்தது. அவர் விட்டாரா, பலம் போய் நழுவியதா, தெரியாது. குவளையால் அடித்தேன். வெள்ளி நெளிந்தது, கண்ணாடியில் கீறல் கூட விழவில்லை. காலடியில் கால் வைத்துக்கொள்ளும் பித்தளைத் தண்டு ஒன்று இருந்தது. அதை ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். மாமியாரின் முகத்தை என் முந்தானையால் மூடிவிட்டுக் கண்ணாடியின் நடுவில் ஓங்கி இடித்தேன். இரண்டாவது இடியில் உடைந்தது. சிதறிய துண்டுகளுக்கிடையே கையை வெளியே விட்டு, தடவி, கைப்பிடியைத் திருகினேன். கதவு திறந்தது.

வெளியே அடித்த காற்றும் சூடுதான். ஆனால் அது காற்று.

ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்து, அவரைக் கைத்தாங்கலாக இறக்கித் தரையில் உட்காரவைத்துக் குடிக்கவைத்தேன். டம்ளர் முழுக்க ரத்தம். அப்போதுதான் என் முழங்கைக்குக் கீழே கிழிந்திருப்பதைப் பார்த்தேன். மாமியார் கொஞ்சம் தெளிந்ததும் தன் முந்தானையைக் கிழித்து என் கையில் கட்டினார். பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

மாமனாரும் என் கணவரும் வந்தபோது அப்படியேதான் உட்கார்ந்திருந்தோம். மாமனார் கையில் செய்தித்தாளில் சுற்றிய விளக்கு வளையம். அவர் கண் முதலில் ஜன்னலுக்குப் போனது, பிறகு தரைக்கு, பிறகு எங்களுக்கு.

"யாரு பண்ணுனது?"

நான் எழுந்து நின்றேன். மாமியார் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"கதவு மூடிக்கிருச்சு. உள்ள கெடந்தோம். எனக்குச் சுகர் எறங்கிருச்சு. அவ உடைக்கலேன்னா நீங்க வந்து பொணத்தத்தான் எடுத்திருக்கணும்."

மாமனார் ஒரு துண்டைக் குனிந்து எடுத்தார். பாதித் தாமரை அதில் இருந்தது. "கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமேம்மா. வந்துட்டமே," என்றார். கோபமில்லை அந்தக் குரலில். அழுதுவிடுவார் போல இருந்தது. அதுதான் மாமியாரை எழுப்பியது என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவை அகலத் திறந்தார்.

"ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறி உக்காருங்க. நான் சாத்துறேன். அந்தப் பக்கம் போயிக்கங்க, கண்ணாடி நல்லா இருக்கிற பக்கம். எம்புட்டு நேரம் பொறுக்குறீங்கன்னு பாப்போம்."

மாமனார் ஏறவில்லை. காரையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் அதற்குள் என் கையைப் பார்த்துவிட்டார். "அய்யய்யோ, வா, வா," என்று என்னைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் போட்டார்கள். திரும்பி வரும்போது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடைந்த இடத்தில் மாமனார் அட்டையை வைத்து ஒட்டியிருந்தார்.

மறுநாள் சென்னைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். கார் முழுவதையும் படம் பிடித்தார். அட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கைப்பிடி இல்லாத கதவைக் கண்டு குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். "சார், தயவுசெஞ்சு இதுல எதையும் சேத்துறாதீங்க. இதுதான் இந்த வண்டியோட சிறப்பே," என்றார். மாமனார் தலையாட்டினார். நான் கட்டுப்போட்ட கையோடு காப்பி கொண்டுபோனேன். என் கையைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. அது அந்தக் கதவால் வந்த காயம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் போனதும் மாமியார் என் கணவரைக் கூப்பிட்டார். "விளாங்குடியில வீடு பாருடா," என்றார். "நான் போறேன். உங்க அப்பா வந்தா வரட்டும்."

மாமனார் வரவில்லை. நாங்கள் மூவரும் ஆடிக்கு முன்பே குடிபெயர்ந்தோம். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய மாடி வீடு. நான்கு ஜன்னல். முதல் வாரம் தறிச் சத்தம் இல்லாமல் எங்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. மகள் லீவுக்கு வந்து ஒரு வாரம் முழுக்கத் தங்கினாள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தினமும் சமைத்து, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, பஸ் மாறி, அதே சந்துக்குள் நுழைந்து, அதே கூடத்தில் மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது நான்தான். வேறு யார் போவார்கள்? மாமியார் வாசல் வரை வந்து, "ரசம் தனியா இருக்குன்னு சொல்லு," என்பதோடு சரி.

புரட்டாசியில் ஒரு நாள் போனபோது மாமனார் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. ஒரு கால் வெளியே வாசற்படிப் பலகையில். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் முன்னால்தான்.

"நேத்து சாத்திப் பாத்தேம்மா," என்றார்.

"எதை மாமா?"

"கதவை. சும்மா பாப்பமேன்னு. உள்ள உக்காந்தா வெளிய நடக்குறது ஒண்ணுமே கேக்கல. கொழா வச்சிருக்கானே, அதுல பேசுனாலும் முன்னாடி கேக்காது போலருக்கே. இத்தனை வருசம் எனக்குத் தெரியாது."

"எப்படி வெளிய வந்தீங்க?"

"அட்டையக் கிழிச்சேன்."

சோற்றை எடுத்து வைத்தேன். சாப்பிட்டார். சென்னைக்காரர் அதே மாதிரிக் கண்ணாடி செய்து தருவதாகச் சொன்னதாகவும், இப்போதைக்கு வேண்டாம் என்று தான் சொல்லிவிட்டதாகவும் சாப்பிடும்போது சொன்னார். கைப்பிடி வைக்கப்போவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கை கழுவியபின், "உங்க அத்தைக்கு உடம்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விளாங்குடிக்கு வருகிறார். மாமியார் கறிக்குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறார். இருவரும் ஜன்னலோரமாக உட்கார்ந்து தூரத்தில் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்க்கிறார்கள். போன வாரம் மழை வரும்போல இருந்தது. மாமியார், "இருந்து காலையில போகலாம்ல," என்றார்.

"வண்டி தனியாக் கெடக்கும்."

"கெடக்கட்டும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பார்த்தேன். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். மாமியார் உள்ளே போய்விட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு அவரைப் பஸ் ஏற்றிவிடக் கூட நடந்தேன். நிறுத்தத்தில் நிற்கும்போது, "நாளைக்கு மழை பேஞ்சா நீ வர வேணாம்மா, நான் கடையில வாங்கிக்கிறேன்," என்றார்.

"வாரேன் மாமா," என்றேன்.